ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த இன்குபேட்டர்

ஏழு வருஷமாக இதை மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். தாளில் எழுதத் தைரியம் வரவில்லை. முதல் காரணம், நான் படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுத்துப்பிழை பார்த்துச் சிரிப்பீர்கள் என்ற கூச்சம். இரண்டாவது காரணம், இந்தக் கதையில் நான் நல்லவனாக வரமாட்டேன். அப்படிப்பட்ட கதையை எழுத யாருக்குத்தான் அவசரம்?

போன மாதம் எனக்குப் பிரிவு உபசாரம் வைத்தீர்கள். கேக் வெட்டினீர்கள், மாலை போட்டீர்கள், இனிமேல் ஈஸ்ட்டைப் பார்க்கவே வேண்டாத மனிதனுக்கு ஈஸ்ட் படம் போட்ட கோப்பை ஒன்றும் கொடுத்தீர்கள். துறைத்தலைவர் பேசினார்: "ஒருமுறை இவர் ஒரு தவறு செய்துவிட்டார். ஆனால் தெரியவந்த அன்றைக்கே ஓடிவந்து ஒப்புக்கொண்டார். நேர்மை என்றால் அதுதான்." எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். மற்றவர்கள் தட்டும்போது கை சும்மா இருக்கிறதா?

வீட்டுக்கு வந்து சாமி விளக்கின் முன்னால் நின்றபோது முருகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதனால்தான் எழுதுகிறேன். ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, கைப்பேசியைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஈஸ்ட் வளர்க்கும் கூழைப் பிளேட்டில் ஊற்றுவது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, ஈஸ்ட்டைச் சாகாமல் பார்த்துக்கொள்வது. டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் ஈஸ்ட்டைப் பற்றிப் பேசுவார்கள், நாம் அதற்குச் சோறு போடுவோம். அந்தச் சமயத்தில் புனிதா என்ற பெண் முனைவர் பட்டத்துக்கு எங்கள் கூடத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஜொகூரில் காஹாங் பக்கம் செம்பனை லாரி ஓட்டுபவரின் மகள். அவளுடைய உபகாரச் சம்பளம் முடிய எட்டு மாதம் இருந்தது. அதற்குள் ஒரு முடிவு கிடைக்காவிட்டால் மூன்று வருஷப் பாடு வீண்.

அவள் ஆராய்ந்தது ஈஸ்ட்டின் ஒரு மரபணுவை. அது என்ன செய்கிறது என்று எங்கள் கூடத்துப் புரொஃபசர் வெள்ளைப் பலகையில் முக்கால் மணி நேரம் அம்பு அம்பாக வரைந்து விளக்கினார். எனக்கு அம்புகள் மட்டும் புரிந்தன. புனிதா ஒரே நிமிஷத்தில் புரியவைத்தாள்.

"அங்கிள், செல்லுக்கு நடுவுல இருக்கிற உட்கருதான் ஜொகூர் பாருன்னு வச்சுக்குங்க. வெளிய சிங்கப்பூர். காலையில அத்தன மோட்டார் சைக்கிளும் பாலத்தத் தாண்டிப் போகணும், இல்லாட்டி அங்க வேல நடக்காது. நடுவுல பாஸ்போர்ட் பாத்து சாப் குத்துற ஆளு இருக்காரு பாருங்க, அந்த ஆள உண்டாக்குற ஜீன் இது."

"அந்த ஆளுக்கு என்னா கோளாறு?"

"நம்ம ஈஸ்ட்டுல அவரு நோஞ்சான். இருபத்தஞ்சு டிகிரில ஒழுங்கா சாப் குத்துவாரு. முப்பத்தேழுக்கு ஏத்துனா மயக்கம் போட்டுருவாரு. அப்புறம் ஒரு மோட்டாரு வெளிய போவாது. சேதியெல்லாம் உட்கருவுக்குள்ளயே ஜாம். செல் செத்துரும்."

"திங்கக்கிழம காலையில நம்ம பாலம் மாதிரி."

"அதே லா. நான் என்னா தேடுறேன்னா, அவரு மயங்கி விழுந்தா அந்தக் கவுண்டர்ல இன்னொரு ஆள உக்கார வச்சு ஈஸ்ட்டக் காப்பாத்த முடியுமான்னு."

அந்த நோஞ்சான் ஈஸ்ட்டுக்கென்றே குளிர்ப்பதன இன்குபேட்டர் ஒன்று இருந்தது. எப்போதும் இருபத்தைந்து டிகிரி. அதன் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். விடுமுறை நாளிலும் யாராவது ஒருவர் வந்து, டிகிரியைப் பார்த்து, அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு வேலை பழக்கிய மூத்த உதவியாளர், ஒரு மலாய் அம்மா, ஓய்வு பெற்ற அன்று அந்தத் தாளைத் தட்டிக் காட்டி ஒன்றே ஒன்று சொன்னார்: "பார்த்ததை எழுது. வெட்கமாக இருந்தாலும் எழுது." நான் மிகவும் பணிவாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு எப்போதும் நல்ல தேர்ச்சி.

இனி ஆயுத பூஜை. நம் ஆட்கள் லாரிக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைக்கும்போது இன்குபேட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது? வருஷா வருஷம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பேன். முதல் வருஷம் கற்பூரமும் காட்டினேன். புகை மணி அடித்து, மூன்று மாடி ஆட்களும் படியிறங்கி வெயிலில் வரிசையாக நின்றார்கள். பக்தியில் அத்தனை பேரை ஒரே இடத்தில் கூட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதன்பிறகு பொட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த வருஷம் பூஜை வியாழக்கிழமை வந்தது. அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அந்த வாரம் தாளில் எழுதும் முறை என்னுடையது. மதியம்தான் புனிதாவின் நோஞ்சான் ஈஸ்ட்டைப் புது பிளேட்டில் கோடு கோடாக இழுத்து இன்குபேட்டரில் வைத்திருந்தேன். சாயங்காலம் துடைத்தேன், பொட்டு வைத்தேன். ஆயுதத்துக்கு அன்றைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். துடைப்பதற்காக அணைத்த சுவிட்ச் அப்படியே இருக்கட்டும், சாமி கும்பிட்டுவிட்டுக் காலையில் வந்து போடலாம், ஓர் இரவில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். கத்திக்கும் சுத்தியலுக்கும் ஓய்வு கொடுக்கலாம். குளிர்ப்பெட்டிக்கு ஓய்வு கொடுத்தால் அதற்குள் இருப்பதற்கு என்ன ஆகும் என்று படிவம் ஒன்று பிள்ளையே சொல்லும். நான் படிவம் மூன்று.

மறுநாள் குளுவாங்கில் ஒரு கோவிலில் அன்னதானம். சாம்பார் வாளி என் கையில். அதற்கு அடுத்த நாளும் அங்கேயே. முருகனுக்குச் சேவை செய்கிற மும்முரத்தில் இன்குபேட்டர் நினைவுக்கே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்துக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளே முப்பத்திரண்டு டிகிரி. பிளேட்டில் பெரும்பாலான ஈஸ்ட் கடுகிலும் சிறிய புள்ளியாகச் சுருண்டு கிடந்தது. நடுவில் நாலே நாலு மட்டும் மொச்சைக்கொட்டை மாதிரி கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன.

இந்த இடத்தில்தான் என் அறிவு பளிச்சிட்டது. அந்த நாலையும் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கைகூப்பினேன். சாமி கைவிடவில்லை, நாலு உயிரையாவது காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். பொறுக்கி எடுத்தேன், புதிய பிளேட்டில் இழுத்தேன். மற்றதையெல்லாம் குப்பைக்கு அனுப்பினேன். விதைக்குப் பெரிய காயைத்தானே எடுப்போம்? கன்றுக்கு நல்ல கொழுத்த மாட்டைத்தானே பார்ப்போம்? நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நோஞ்சானைப் பத்திரமாக வைத்து, கொழுத்ததைக் குப்பையில் போடுகிற ஒரே தொழில் நம்முடையது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அது மூடத்தனம். அடுத்தது மூடத்தனம் இல்லை. பேனாவை எடுத்தேன். கதவில் இருந்த தாளில் வியாழன் 25, வெள்ளி 25, சனி 25 என்று எழுதி, மூன்று கையெழுத்தும் போட்டேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நடுங்கவில்லை.

புனிதா அந்தப் புதிய பிளேட்டிலிருந்து ஈஸ்ட்டை எடுத்தாள். அதற்குள் தன்னுடைய கூடுதல் ஆளை, அதாவது கவுண்டரில் உட்கார வைக்கும் புதிய மரபணுவை, ஏற்றினாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கூடுதல் ஆள் இல்லாத ஈஸ்ட் ஒன்றும் வைத்திருந்தாள். அது பூஜைக்கு முன்பே செய்து வேறொரு குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பழைய ஈஸ்ட், அசல் நோஞ்சான். இரண்டையும் முப்பத்தேழு டிகிரியில் வைத்தாள். பழையது செத்தது. புதியது செழித்தது. கூடுதல் ஆள் காப்பாற்றிவிட்டார்! எண்ணி எண்ணிப் பார்த்தாள், மூன்று தடவை திரும்பச் செய்தாள். மூன்று தடவையும் அதே முடிவு. புரொஃபசர் கைகுலுக்கினார். துறையில் எல்லார் முன்னாலும் பேச அவளுக்கு நாள் குறித்தார்கள், தைப்பூசம் முடிந்த மறுவாரம்.

நான்? "எல்லாம் அவன் அருள்மா" என்றேன். வெட்கமில்லாத வாய்.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு நாள், முப்பத்தேழு டிகிரிப் பெட்டியில் வைக்கச் சொல்லி புனிதா கொடுத்த பிளேட்டுகளோடு, தாய் பிளேட் ஒன்றையும் தவறிச் சேர்த்து வைத்துவிட்டேன். கூடுதல் ஆள் ஏற்றாத, நான் பொறுக்கி எடுத்த அதே ஈஸ்ட். மறுநாள் பார்த்தால் அது அப்ப மாவு மாதிரி பொங்கி வளர்ந்திருக்கிறது. சாக வேண்டியது அது. நோஞ்சான் என்றால் செத்திருக்க வேண்டும்.

சாமி காப்பாற்றிய நாலு பேர் யார் என்று அப்போது விளங்கியது. அந்த மூன்று நாள் சூட்டில், தங்கள் கோளாறைத் தாங்களே சரிசெய்துகொண்டு பிழைத்தவர்கள். அவர்கள் பாலத்தில் சாப் குத்துகிறவர் இப்போது திடகாத்திரமான ஆள். அவருக்கு எந்த உதவியாளும் தேவையில்லை. புனிதா கண்டுபிடித்தது எதுவுமே இல்லை. பிழைத்துப் போனதைக் கொண்டுவந்து, இது நோஞ்சான் என்று அவள் கையில் கொடுத்தவன் நான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பிளேட்டைக் குப்பையோடு போட்டு, ஒன்றும் மிஞ்சாதபடி ஆவியில் அவித்துவிட்டேன்.

என் பணி ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதுதான் காரணம் என்று உங்களுக்குச் சொல்லலாம். எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் இன்னும் புனிதமானது: நான் தைப்பூச விரதத்தில் இருக்கிறேன், பால்குடம் எடுக்கும்வரை மனசைக் கலக்கக்கூடாது. ஆக, விரதத்தில் மீனைத் தொடவில்லை. உண்மையையும் தொடவில்லை.

என் மனைவி பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்தாள். பழுதான சாமானைக் கண்ணால் பார்த்தே தள்ளிவிடுகிறவள். பிளேட்டை அவித்த ஐந்தாம் நாள், மாசாயில் எங்கள் வீட்டுச் சமையலறையில் என்னையும் அப்படித்தான் பார்த்தாள்.

"என்னாங்க, விரதம் சாப்பாட்டுக்கா பேச்சுக்கா? நாலு நாளா உம்முன்னு இருக்கீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எங்க லைன்ல ரிஜெக்ட்டுன்னு தெரிஞ்சும் ஒரு பீஸ பாக்ஸ்ல போட்டா, அந்த பாக்ஸ் போற எடமெல்லாம் என் நம்பரும் கூடவே போவும். அந்தப் புள்ள பேச்சுல யாரு நம்பரு போவும்? அது பேருதான் போவும்."

"பூசம் முடியட்டும். முருகன் கால்ல போட்டுட்டேன். அவரு பாத்துக்குவாரு."

"அவருக்கு என்னாத்த தெரியும் ஈஸ்ட்டப் பத்தி? சுவிச்ச அணச்சது அவரா, பொய்யா எழுதுனது அவரா? பாவம் லா அவரு. பால்குடத்தையும் வாங்கிக்கிட்டு உங்க வேலையையும் சேத்துப் பாக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. சாமியைப் பற்றி அப்படிப் பேசக்கூடாது என்று கண்டித்தேன். சாமிக்காகக் கோபப்படுவது சுலபம்; நமக்காக வெட்கப்படுவதுதான் கஷ்டம். மேலும் நாலு நாள் ஓட்டினேன். அந்த நாலு நாளில் புனிதா தன் பேச்சுக்கான படங்களை வரைந்து முடித்து, வண்ணம் நன்றாக இருக்கிறதா என்று என்னிடம்தான் கேட்டாள். "நீலம் எடுப்பா இருக்கும்மா" என்றேன்.

தைப்பூசத்தன்று குளுவாங் பக்கம் ஒரு முருகன் கோவிலில் பால்குடம் எடுத்தேன். பாலை ஊற்றிவிட்டுத் தண்ணீர்ப் பந்தலுக்கு வந்தால், மஞ்சள் சேலையில் புனிதா. அவள் தலையிலும் பால்குடம் சுமந்த சும்மாடு. பக்கத்தில் ஒரு மனிதர், தலை முழுக்க மொட்டை, அதில் சந்தனம் பூசி வெயிலில் பளபளக்கிறது.

"அப்பா, இவருதான்ப்பா அங்கிள்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பாப்பா சொல்ற அங்கிள் நீங்கதானா அண்ணே! மூணு வருஷமா போன் பண்ணா அழுவ தவுர ஒண்ணுங் கெடையாது. ஒன்னும் வரல, ஒன்னும் வரலன்னு. இப்பதான் புள்ள சிரிச்சிச்சு. வேண்டிக்கிட்டேன், குடுத்துட்டேன். இருந்ததே பத்து முடி, அதையும் சாமி வாங்கிக்கிட்டாரு!"

"பத்தெல்லாம் இல்லப்பா, எட்டு" என்றாள் புனிதா. இருவரும் சிரித்தார்கள். அவர் ஒரு லட்டை எடுத்து என் வாயருகே கொண்டுவந்தார். வாயைத் திறந்தேன். நாற்பத்தெட்டு நாள் விரதம் சொல்ல வைக்காததை அந்த எட்டு முடி சொல்ல வைத்தது.

செருப்பு விட்ட இடத்துக்குப் புனிதாவைத் தனியாகக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பூஜைக்கு அணைத்தது, மூன்று நாள் சூடு, நாலு கொழுத்த ஈஸ்ட், தாளில் எழுதிய மூன்று இருபத்தைந்து, முப்பத்தேழில் வளர்ந்த தாய் பிளேட்.

"அங்கிள், பூசத்தன்னைக்கிப் போயி ஜோக் அடிக்காதீங்க."

இல்லை என்று தலையாட்டினேன். அவள் கீழே குவிந்து கிடந்த செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வளந்தத எப்ப பாத்தீங்க?"

"ஒம்போது நாளாச்சும்மா."

"அலமாக்" என்றாள், மூச்சு விடுகிற மாதிரி. பிறகு ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் பேசினாள். "சுவிச்ச மறந்தது மறதி. சரி. பெருச பொறுக்குனது தெரியாம. சரி. ஷீட்டுல எழுதுனது பயம். அதையும் சரின்னே வச்சுக்கறேன். இந்த ஒம்போது நாளு என்னா அங்கிள்?"

அவளே தொடர்ந்தாள்.

"ஒம்போது நாளு முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா எனக்கு எக்ஸ்பெரிமென்ட்டு மட்டும்தான் போயிருக்கும். இப்ப அப்பாகிட்ட நான் என்னான்னு சொல்லுவேன்? முடியத் திருப்பிக் கேக்க முடியுமா?"

பந்தலில் அவர் யாருக்கோ மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மொட்டைத்தலை கூட்டத்துக்கு மேலே தெரிந்தது.

மறு வேலைநாள் இருவரும் புரொஃபசர் முன்னால் நின்றோம். அவர் இலங்கைத் தமிழர் வம்சம். என்னோடு தமிழ் பேசுவது கோபம் வரும்போது மட்டும்தான். அன்றைக்குச் சுத்தமான தமிழ்.

கதவுத் தாளைக் கிழித்துக்கொண்டுவரச் சொல்லி மேசையில் விரித்தார். "மூண்டு நாளும் இருபத்தஞ்சு. ஒரு நாளாவது இருபத்தஞ்சரை எண்டு எழுதியிருக்கலாமே. இஞ்ச எந்தப் பெட்டியடா மூண்டு நாள் ஆடாமல் அசையாமல் நிண்டது? பொய் கூட நீர் ஒழுங்கா எழுதேல்ல." கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "அதைப் பாத்திட்டும் நான் கேக்கேல்ல. நல்ல முடிவு வந்தால் நானும் கேள்வி கேக்கிறதில்லை. என்ர கையெழுத்தும் கீழ கிடக்குது."

பேச்சு ரத்தானது. வெளிநாட்டிலிருந்து வந்த அசல் ஈஸ்ட், மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டியில் ஒரு குழாயில் இருந்தது. அதை எடுத்துப் புனிதா முதலிலிருந்து தொடங்கினாள். கூடுதல் ஆளை ஏற்றி முப்பத்தேழில் வைத்தாள். அவ்வளவு சுத்தமான, ஒன்றுமே வளராத பிளேட்டை நான் பார்த்ததே இல்லை.

கொழுத்த அந்த நாலிலிருந்து ஏதோ பெரிய கண்டுபிடிப்பு வந்தது என்று எதிர்பார்ப்பீர்கள். நீங்கள் நிறையப் படம் பார்க்கிறவர்கள். வரவில்லை. மரபணுவில் கெட்டுப்போயிருந்த ஓர் எழுத்து பழையபடி திரும்பியிருந்தது, அவ்வளவுதான். புனிதாவின் உபகாரச் சம்பளம் நின்றது. ஒரு வருஷம் குளுவாங்கில் டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆராய்ச்சியை முடித்தாள். "இந்த ஆளை உட்கார வைத்தாலும் பாலம் திறக்காது" என்பதுதான் அவள் எழுதிய முடிவு. பட்டம் கொடுத்தார்கள். யாரும் கைகுலுக்கவில்லை. என் ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்குப் புதுப்பித்தார்கள். பிறகு மீண்டும் ஆறு மாதம். அப்படியே பிரிவு உபசாரம் வரைக்கும் வந்துவிட்டேன்.

புனிதா இப்போது சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். தினமும் பாலத்தைத் தாண்டுகிறாள். சில காலையில் எனக்குச் சேதி வரும்: "அங்கிள், உட்கருவுக்குள்ள மாட்டிக்கிட்டேன்." என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்டதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள்.

அவள் கூடத்தை விட்டுப் போகும்முன் அந்தக் கொழுத்த ஈஸ்ட்டையும் ஒரு குழாயில் போட்டு உறைபெட்டியில் வைத்தாள். மூன்றாம் தட்டு, இடது ஓரம். நீங்கள் எல்லாரும் நூறு தடவை அதைத் தள்ளிவிட்டு வேறு குழாயை எடுத்திருப்பீர்கள். சீட்டில் அவள் கையெழுத்து இருக்கும்: "கொழுத்தது. அசல் அல்ல. ஆயுத பூஜை, 3 நாள். பிறகு 9 நாள்."

பொட்டு வைக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நான் இன்னும் வைக்கிறேன். சுவிட்சைப் போட்டுவிட்டு வையுங்கள், பெட்டியில் பார்த்ததைத் தாளில் எழுதுங்கள். அழகாக வளர்ந்திருப்பதைக் கண்டால் கைகூப்புமுன் ஒரு தடவை சந்தேகப்படுங்கள். சாமி கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஒரே ஒரு வேண்டுதல். எனக்குப் பின்னால் இதை நீங்கள் அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்வீர்கள். துறைத்தலைவர் சொன்ன மாதிரி சொல்லாதீர்கள். அதில் நான் அன்றைக்கே ஓடிவருகிறேன், வியர்த்துப்போய், கண்ணீரோடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அதனால்தான் அது பரவுகிறது. வாய் மாற வாய் மாற, கொழுத்ததையே பொறுக்கிக்கொண்டு போவோம். பிறகு அசல் எதுவென்று பார்க்க ஓர் உறைபெட்டியும் இருக்காது. நோஞ்சானாக இருந்தாலும் இதை இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இருபத்தைந்தையும் விடாதீர்கள், புனிதாவின் அப்பாவுடைய எட்டு முடியையும் விடாதீர்கள். ஒன்பது நாளை எட்டாகக்கூட ஆக்காதீர்கள்.